நாற்பது அறைக்கு ஒரு கேபிள்

திருப்பூர்,
செவ்வாய்க்கிழமை, மதியம்.

மதிப்புக்குரிய அப்பாவுக்கு,

மகன் முனீஸ்வரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எனக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, கை கால் எல்லாம் எண்ணிக்கை குறையாமல் இருக்கின்றன. அங்கே உங்கள் இடுப்பு வலியும் அம்மாவின் முழங்காலும் இருந்த அளவிலேயே நின்றுகொண்டிருக்கும் என்று நம்புகிறேன். வெள்ளாடு இரண்டு குட்டி போட்டதாக அக்கா சொன்னாள். மகிழ்ச்சி.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் நாற்பது வினாடிக்கு மேல் பேசுவதில்லை. போன ஆறு மாதத்தில் நாம் பேசிய இருபத்தாறு தடவையையும் எடுத்துப் பார்த்தேன். சராசரி முப்பத்தெட்டு வினாடி. "சாப்ட்டியா, வேல இருக்கா, சரி வச்சிரு" என்று நீங்கள் முடிப்பதற்குள் என்னால் ஒரு முறை தும்ம முடியும், அவ்வளவுதான். நான் சொல்லவேண்டியது அதற்குள் அடங்காது. வெள்ளிக்கிழமை மொக்கைச்சாமி அண்ணன் ஊருக்கு வருகிறார். கருமாத்தூர்க்காரர், எங்கள் பனியன் கம்பெனியில் டெய்லர். பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடையில் உட்கார்ந்து, "பெரியகருப்பன் மகனுக்குக் கணக்கு வரல, கம்பெனியில தூக்கிட்டாங்க" என்று சொல்வார். வேலை போனது உண்மை. கணக்கு வரவில்லை என்பது பொய். பொய்யைச் சொன்னதும் நான்தான். அதை விளக்கத்தான் இந்தக் கடிதம்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று யார் கேட்டாலும் நீங்கள் "கரண்ட் ஆபீசு" என்று சொல்லி வருகிறீர்கள். அது இல்லை. ஒரு கம்பெனியில் எத்தனை மிஷின், ஒவ்வொன்றும் எவ்வளவு கரண்ட் இழுக்கும், எல்லாம் சேர்ந்தால் எவ்வளவு, அதைத் தாங்க எவ்வளவு தடிமனான கேபிள் வேண்டும், எத்தனை ஆம்பியரில் பிரேக்கர் விழ வேண்டும் என்று கணினியில் படமாக வரைந்து கண்டுபிடிப்பது என் வேலை. கேபிள் சுமக்கிற ஆள். பிரேக்கர் "போதும், இறக்கி வை" என்று சொல்கிற ஆள். சுமக்கிறவன் விழுவதற்கு முன்னால் சொல்கிறவன் வாயைத் திறக்க வேண்டும். இதைத்தான் மூன்று வருஷம் டிப்ளமோவில் சொல்லிக்கொடுத்தார்கள். இன்னொன்றும் உண்டு. பத்து மிஷின் இருந்தால் பத்தும் ஒரே நேரத்தில் ஓடாது, ஆறுதான் ஓடும் என்று வைத்துக்கொண்டு கேபிளை அதற்கேற்ப மெலிதாக்குவார்கள். அதற்கு டைவர்சிட்டி என்று பெயர். தனியாக இருக்கிறவனுக்கு இந்தச் சலுகை கிடையாது. என் அறைக்கு ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பல்பு, ஒரு ஃபேன், ஒரு சார்ஜர், மொத்தம் தொண்ணூற்றைந்து வாட். நான் வந்தால் மூன்றும் ஓடும், போனால் மூன்றும் நிற்கும். இந்தக் கணக்குக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எடுத்துக்கொண்டேன். என் ஞாயிற்றுக்கிழமைகள் எப்படிப் போகின்றன என்று நீங்களே தெரிந்துகொள்ளலாம்.

எங்கள் மேனேஜர் இளங்கோ மிகவும் மரியாதையானவர். கழுத்தை அறுத்தால்கூட "ஏனுங்க" என்று கேட்டுவிட்டுத்தான் அறுப்பார். நான்கு மாதத்துக்கு முன்னால் கூப்பிட்டு, "ஏனுங்க தம்பி, பையர் ஆடிட்டு வருதுங்க. நம்ம கம்பெனி லைன் மொத்தத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திப்போடுங்க" என்றார். பையர் என்றால் நம் பனியனை வாங்குகிற வெளிநாட்டுக்காரன், ஆடிட் என்றால் கம்பெனியில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று அவன் ஆள் விட்டுப் பார்ப்பது. ஏற்றினேன். இருபத்திரண்டு நிட்டிங் மிஷினுக்கும் படத்தில் தனித்தனிப் பெயர், தனித்தனி எண். கம்பெனிக்குப் பின்னால் தொழிலாளர் குடியிருப்பு இருக்கிறது. நாற்பது அறை, நூற்று அறுபது பேர். பழைய படத்தில் அவர்கள் அத்தனை பேரும் ஓரத்தில் ஒரே ஒரு சின்ன முக்கோணம். பக்கத்தில் 'இதர சுமை' என்று எழுதியிருந்தது. "ரூமுக்கு ரெண்டு லைட்டு, ரெண்டு ஃபேனுங்க. அதுலயும் பாதிப் பேரு ஷிப்ட்டுல இருப்பாங்க. பாதியாப் போட்டுக்குங்க தம்பி" என்றார் மேனேஜர். எங்கள் கம்பெனியில் ஒரு பனியன் எத்தனை டிகிரி சூடு தாங்கும் என்று பார்க்க ஏசி போட்ட லேப் உண்டு. அதைத் தைக்கிறவர்கள் தலைக்கு மேலே ஓடும் ஒயர் எவ்வளவு சூடு தாங்கும் என்று பார்க்க யாரும் இல்லை. நான் போனேன்.

இன்னொரு காரணமும் இருந்தது. குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சாயங்காலம் ஏழு மணிக்குப் பிரேக்கர் விழும். லைட்டுக்கும் ஃபேனுக்கும் விழ வாய்ப்பே இல்லை. டாங் டெஸ்டரை எடுத்துக்கொண்டேன். கேபிளைக் கவ்விப் பிடித்தால் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று காட்டும். நோட்டும் பேனாவுமாக நான் கேட்டுக்குள் நுழைந்ததுமே நாற்பது கதவும் வரிசையாகச் சாத்திக்கொண்டன. முதல் அறையைத் தட்டினேன். சின்னத்தாய் அக்கா, மொக்கைச்சாமி அண்ணனின் மனைவி, கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடிமேல் போர்வை. போர்வைக்குள் பானை அளவுக்கு ஒரு மேடு. மேட்டிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

"என்னக்கா, போர்வையில ஆவி வருது?"

"காய்ச்ச தம்பி."

"கோழிக் கொழம்பு வாசம் அடிக்குதே?"

"காய்ச்சலுக்கு அதான் குடுக்கச் சொன்னாக."

பக்கத்தில் நின்ற மொக்கைச்சாமி அண்ணனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். "அட, நம்ம பக்கத்து ஆளா! ஏய், போர்வைய எடு. தம்பிக்குத் தட்டு வையி" என்றார். போர்வைக்குள் குழம்பு, கட்டிலுக்கு அடியில் இண்டக்‌ஷன் அடுப்பு. அறையில் சமைக்கக் கூடாது என்பது கம்பெனி சட்டம். மெஸ்ஸில்தான் சாப்பிட வேண்டும். அந்த மெஸ் சாம்பாரை ஒரு நாள் குடித்தேன். அதைப் பற்றி எழுதினால் கடிதம் நனைந்துவிடும். எனவே எல்லோரும் கட்டிலுக்கு அடியில் ஒரு அடுப்பு வைத்திருக்கிறார்கள். வாரத்தில் ஆறு நாள் மெஸ்ஸைப் பொறுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கோழி எடுத்து, அந்த ஒரு வேளைக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் அடுப்பைப் போடுகிறார்கள். பாதிப் பேர் ஷிப்ட்டில் இருப்பார்கள் என்று மேனேஜர் சொன்னாரே, ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட்டே கிடையாது. அவருக்கு அது தெரியாமல் இல்லை. நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நான் சாப்பிட்டேன். இந்த ஊருக்கு வந்து மூன்று வருஷத்தில் இன்னொருவர் எனக்குச் சோறு போட்டது அன்றைக்குத்தான். அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

அளவெடுக்கும் வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்திருக்கும். நான் பதினோரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அலுவலகத்தில் கேட்டால் "அளவீடு தொடர்கிறது" என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரம் வோல்டேஜ் பார்த்தேன், ஒரு வாரம் எர்த் பார்த்தேன், ஒரு வாரம் பார்க்க எதுவும் இல்லாமல் போன வாரம் பார்த்ததையே சரிபார்த்தேன். ஆறு மணிக்குப் போனால் ஒன்பதரை வரைக்கும் இருப்பேன். அண்ணன் ஊர்க்கதை சொல்வார். பத்தாம் அறையில் ஒடிசாக்காரப் பையன்கள் மீன் வறுத்து ஒரு துண்டு கொடுப்பார்கள். ஒருத்தருக்கொருத்தர் தெரிந்து, கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. முப்பத்தொரு அடுப்பு எண்ணினேன். எல்லாம் சேர்ந்து எண்பத்தைந்து ஆம்பியர். அங்கே இருந்த கேபிள் எழுபது ஆம்பியர் தாங்கும், பிரேக்கர் அறுபத்து மூன்று. கால் மணி நேரத்தில் பிரேக்கர் விழும். எல்லோரும் பாதி வெந்த பானையோடு வாசலுக்கு வந்து நின்று கம்பெனியைத் திட்டுவார்கள், நானும் நடுவில் நின்று திட்டுவேன். உண்மையைச் சொன்னால் அந்த நேரம் எனக்குப் பிடித்திருந்தது. சரியாகக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டால் பிரேக்கர் விழாது, நானும் வரத் தேவையில்லை. இதை நினைத்துத்தான் தள்ளிப்போட்டேன்.

நான் தள்ளிப்போட்டதால் எலக்ட்ரீசியன் வெள்ளையன் தானாகவே ஒரு வைத்தியம் செய்துவிட்டார். பன்னிரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஏழேகால் ஆகியும் லைட் போகவில்லை. எல்லோருக்கும் சந்தோஷம். வெள்ளையன் அண்ணனைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள், ஈரல் துண்டெல்லாம் அவர் தட்டுக்குப் போனது.

"என்னண்ணா பண்ணுனீங்க?"

"சும்மா சும்மா உழுந்துட்டே இருந்துச்சுங்க. அதான் அதைக் கழட்டிப்போட்டு நூறு ஆம்பியர் மாட்டிப்போட்டனுங்க. இனி அது பாட்டுக்கு நிக்குமுங்க."

இந்த ஊரில் எல்லாக் கம்பெனியிலும் இதே வைத்தியம்தான், அப்பா. பிரேக்கர் விழுந்தால் பெரிய பிரேக்கர். கேபிளை மாற்றவில்லை. "போதும்" என்று சொல்கிற ஆளுக்குப் பதிலாகக் காது கேட்காத ஆளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சுமக்கிறவனை அப்படியே விட்டுவிட்டார்கள். போய்க் கேபிளைத் தொட்டேன். கையை வைத்திருக்க முடியவில்லை. அந்தக் கேபிள் போகிற வழியில் கட்டிங் வேஸ்ட் மூட்டைகளைக் கூரை வரைக்கும் அடுக்கிவைத்திருக்கிறார்கள். எல்லாம் பஞ்சுத் துணி. அதற்கு அந்தப் பக்கம் நூற்று அறுபது பேர் கோழி தின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மேனேஜர் கேபிள் வாங்க மாட்டார், அடுப்பைப் பிடுங்குவார். காட்டிக்கொடுத்தவன் என்று என் முகத்தில் யாரும் முழிக்க மாட்டார்கள். சொல்லாவிட்டால் கேபிள் எரியும். கணினி முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தேன். முப்பத்தொரு அடுப்பும் சேர்ந்து ஐம்பது கிலோவாட். அந்த இடத்தில் 'தொழிலாளர்களுக்குக் குடிக்க வெந்நீர்க் கருவி, மூன்று கிலோவாட், பதினாறு, பையர் ஆடிட்டுக்காக' என்று போட்டேன். இருக்கிற கேபிள் தாங்காது என்று படத்தில் கேபிள் கோடு சிவப்பாக மாறியது. "இப்பவே மாத்திப்போடலாமுங்க" என்றார் மேனேஜர். நூற்று அறுபது உயிருக்கு அசையாதவர் ஆடிட் என்ற ஒரே சொல்லுக்கு எழுந்து நின்றார். பத்து நாளில் தடிமனான புதுக் கேபிள் வந்து இறங்கியது. நூறு ஆம்பியர் பிரேக்கருக்கு ஏற்ற கேபிள். அந்த ஞாயிற்றுக்கிழமை கேபிளைத் தொட்டுப் பார்த்தேன், குளுகுளுவென்று இருந்தது. படித்த படிப்புக்கு முதல் தடவையாக ஒரு வேலை செய்த மாதிரி இருந்தது. இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

கணினியில் எழுதிய பொய்யை யாராவது போய் வாங்கிக்கொண்டு வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. மேனேஜர் வாங்கிவிட்டார், பதினாறையும். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடியிருப்பு வாசலில் மாவிலை கட்டி, பூசணிக்காய் சுற்றி, ஒவ்வொரு கருவிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, ஏழு மணிக்குப் பதினாறையும் ஒரே நேரத்தில் போட்டார்கள். உள்ளே முப்பத்தொரு அடுப்பு, வெளியே பதினாறு கருவி. கற்பூரம் எரிந்து முடியவில்லை, பிரேக்கர் விழுந்தது. திரும்பப் போட்டார்கள், திரும்ப விழுந்தது. இருட்டில் மேனேஜர் குரல் மட்டும் மரியாதையாக வந்தது.

"ஏனுங்க தம்பி, பதினாறு ஓடும்னு நீங்கதானுங்க எழுதிக் குடுத்தீங்க?"

வெள்ளையன் அண்ணன் அதற்குள் ஸ்டோரிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "ஒண்ணும் கவலைப்படாதீங்க. இருநூறு ஆம்பியர் இருக்குதுங்க. அஞ்சு நிமிசத்துல மாட்டிப்போடறேன்."

நான் பேனல் முன்னால் போய் நின்றேன். எனக்குப் பின்னால் நாற்பது கதவு. நான் வாயைத் திறந்தால் என்ன சொல்வேன் என்று அத்தனை பேரும் காத்திருந்தார்கள். "என் கணக்குத் தப்புங்க" என்றேன். "பதினாறு ஓடாது. எனக்குக் கூட்டத் தெரியல. இதைக் காலையில மட்டும், சமையல்..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டு, "காலையில மட்டும் ஓடுற மாதிரி டைமர் போட்டுக்குங்க. இருநூறு மட்டும் மாட்டாதீங்க" என்றேன். மேனேஜர், "செரிங்க தம்பி. நாளையில இருந்து நீங்க வர வேண்டாமுங்க. பொங்கல் இருக்குது, சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். எங்கோ பின்னாலிருந்து மொக்கைச்சாமி அண்ணன், "படிச்ச புள்ளைக்குப் பதினாற எண்ணத் தெரியலயேப்பா!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார் என்று முதலில் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் நிஜமாகவே சிரித்துக்கொண்டிருந்தார்.

பொங்கல் சாப்பிடவில்லை. அறைக்கு வந்து ஃபேனைப் போட்டுப் படுத்தேன். நேற்று முழுவதும் போன் அடிக்கவில்லை. ஒரே ஒரு முறை அடித்தது, லோன் வேண்டுமா என்று ஒரு பெண் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவர்கள் ஆபீஸில் எத்தனை ஏசி என்று கேட்டேன். வைத்துவிட்டாள். இருந்தாலும் எனக்கு வருத்தம் இல்லை, அப்பா. மொக்கைச்சாமி அண்ணன் சொல்வதைக் கேட்டு நீங்களும் வருத்தப்பட வேண்டாம். என் கணக்கு சரியான கணக்கு. அடுப்பு பத்திரமாக இருக்கிறது, கேபிள் பத்திரமாக இருக்கிறது. அந்த நாற்பது அறையிலும் என்னைத் தங்கள் வீட்டு ஆள் மாதிரி நினைக்கிறார்கள், என்னிடம் மறைக்க அவர்களுக்கு ஒன்றுமில்லை. சொந்த ஊரை விட்டு வந்த ஒருத்தனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்குக் கிளம்பி வருகிறேன். அங்கேயே ஏதாவது பார்த்துக்கொள்கிறேன்.

அம்மாவின் முழங்காலுக்கும், அக்காவுக்கும், புதிதாக வந்த இரண்டு குட்டிகளுக்கும் என் அன்பு. வயதில் பெரியவர்கள் அத்தனை பேர் காலிலும் இங்கிருந்தே விழுந்து எழுந்ததாக வைத்துக்கொள்ளவும்.

தங்கள் கீழ்ப்படிந்த மகன்,
பெ. முனீஸ்வரன்.

பின்குறிப்பு, வியாழக்கிழமை காலை: கடிதத்தை ஒட்டுவதற்குள் நேற்று மதியம் வெள்ளையன் அண்ணன் கூப்பிட்டார். "டைமர் வேண்டாம்னுட்டாருங்க. ஆடிட்டுக்கு எந்நேரமும் ஓடோணுமாமா. இருநூறு மாட்டச் சொல்லிட்டாரு. உங்க காதுல போட்டுவெக்கலாம்னுதானுங்க" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். ஷிப்ட் முடிந்து எல்லோரும் வாசலில் இருந்தார்கள். மேனேஜரும் இருந்தார். அவரைப் பார்க்காமல் அவர்களைப் பார்த்துச் சொன்னேன். கருவியை எழுதியது பொய், உங்கள் அடுப்புக்காகத்தான் எழுதினேன், இருநூறு மாட்டினால் ஒயர் எரியும், மூட்டை எரியும், நீங்களும் எரிவீர்கள், மாட்டினால் நான் மின் ஆய்வாளருக்கு எழுதிப்போடுவேன் என்று.

இத்தோடு என் சோறு போனது என்று நினைத்தேன். சின்னத்தாய் அக்கா எழுந்து உள்ளே போய் அடுப்பைக் கொண்டுவந்து மேனேஜர் காலடியில் வைத்தார். "புடுங்குறதுன்னா புடுங்குங்கய்யா. நாளைக்கு நாப்பது ரூமும் எதுத்த கம்பெனியில நிக்கும்" என்றார். ஒவ்வொருவராகக் கொண்டுவந்து வைத்தார்கள். மேனேஜர் எண்ணினார், நானும் எண்ணினேன். முப்பத்தொன்றில் நிற்க வேண்டும். நிற்கவில்லை. நாற்பத்து நான்கு.

"இதெல்லாம் ஏதுக்கா? டாங் டெஸ்டர்ல வரவே இல்லையே?" என்றேன்.

"அந்தப் பக்கத்து ரூமுக்காரக. நீ ஆபீசு ஆளுன்னு அவுகளுக்குப் பயம் தம்பி. நீ கெளம்புன பெறகுதான் அடுப்பப் போடுவாக."

"ஒன்பதரை வரைக்குமா?"

"புள்ளைகளுக்குப் பிஸ்கட்டக் குடுத்து உக்கார வச்சிருப்பாக. நீயும் எந்திரிக்க மாட்ட. எப்படித் தம்பி போகச் சொல்றது?"

ஆள் கிடைக்காத ஊரில் மேனேஜருக்கு வேறு வழியில்லை. அடுப்பு இருக்கட்டும் என்றார். "எவ்வளவு தடிமன் வேணும்னு நாளைக்கு வந்து சொல்லுங்க தம்பி" என்றார். எனவே வேலை போகவில்லை, பஸ்ஸுக்கு வரவில்லை. என் கணக்கும் சரியில்லை. அந்தக் குடியிருப்பில் எல்லா அடுப்பும் ஒரே நேரத்தில் ஓடாமல் இருந்ததற்குக் காரணம் நான் உட்கார்ந்திருந்ததுதான். இன்றைக்குக் காலையில் புதிதாகப் போட்டேன். நாற்பத்து நான்கும் ஏழு மணிக்கு ஒன்றாக எரிகிற கணக்கு. நான் போகாத ஞாயிற்றுக்கிழமைகளுக்கான கணக்கு.